கெட்டி மேளத்துக்கு ஒரு விரல்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் ரயிலில், மூன்றாம் வகுப்பில், எனக்கெதிரே ஒரு பெரியவர் தம் மைத்துனரிடம் சொன்னார்:

"குடல்ல புத்துன்னு அறுத்து, வயித்துலயே வாசல் வச்சுட்டாங்க. பை கட்டுனது வெளிய தெரியல. ஆனா அடக்க முடியாம சத்தம் வருது. நாளைக்கு மக கல்யாணத்துல மேடையில எப்படிடா உக்காருவேன்?"

"நீங்க இல்லாம யாரு தாரை வார்க்குறது, மச்சான்? தவில்காரர்கிட்ட பேசிட்டேன். சத்தம் வர்ற மாதிரி இருந்தா விரலைத் தூக்குங்க. கெட்டி மேளம் கொட்டிருவாரு."

"தாலி கட்டியாச்சுன்னு சனம் அட்சதை போடுமே."

"போடட்டும். திரும்பவும் போடுவாங்க."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சற்றுப் பொறுத்து விரலைத் தூக்கினார். மைத்துனர் மடியிலிருந்த பிஸ்கட் டின்னை இரு கைகளாலும் முழக்கினார். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"கேட்டுச்சா?"

"இல்ல, மச்சான்."

"சரி, உக்காருறேன். அட்சதைக்கு இன்னொரு படி அரிசி வாங்கிப் போடு."