ஜெனீவாவுக்கு வாங்கிய கோட்டு

— இந்தச் சிங்கப்பூர் வேக்காட்டுல கம்பளிக் கோட்டப் போட்டுக்கிட்டு என் கடையில உக்காந்தா, வர்றவன் என்ன நெனப்பான் குணரத்தினம்? ஜமால் முகம்மது வாட்ச்சோட பைத்தியத்தையும் ரிப்பேர் பண்றான்னு நெனப்பான்லா.

— பழகிறன், ஐசே. ஜெனீவாவில சரியான குளிராம்.

— ஜெனீவா உன்ன இன்னும் கூப்பிடவே இல்லயே.

— அஞ்சு மணிக்குள்ள படத்தைக் குடுத்தால் கூப்பிடும்.

— படம் எங்க?

— அதுதான் இல்லை.

— அலமாக்! மணி ரெண்டேகால்.

— எனக்கு நேரம் பாக்கத் தெரியும். நேரத்தை என்ன வடிவத்தில பாக்கிறது எண்டுதான் தெரியேல்லை. மூண்டு மாசமா யோசிக்கிறன். பூந்தோட்டத்தில போய் இருந்தன், பெருமாள் கோயிலில இருந்தன், கல்லாங் ஆத்தடியிலயும் இருந்தன். ஆத்தடியில நுளம்புதான் வந்து கடிச்சது.

— போன வாரம் டுரியான் வாட்ச்சுன்னு ஒண்ணு வரைஞ்சியே?

— கட்டினால் அந்தப் பழத்து முள்ளில கை கிழியும்.

— நார்த் பிரிட்ஜ் ரோட்டு கம்பெனிக்காரன் என்னதான் கேக்குறான்? அந்த விளம்பரத்தப் படி.

— “உலகில் எவரும் கண்டிராத கைக்கடிகாரம் ஒன்றை வரைந்து தருக. வெல்பவருக்கு ஜெனீவாவில் இரண்டு ஆண்டு வேலைப் பயிற்சி. வரைந்தவரே நேரில் வந்து கையெழுத்திட்டு ஒப்படைக்க வேண்டும்.”

— கிடைக்கலன்னா பழையபடி ஆபீசுல ரோட்டுப் படம் வரையப் போ.

— எப்பிடிப் போறது? ராஜினாமாக் கடுதாசி குடுத்திட்டன். ஜெனீவாவுக்குப் போறன் எண்டு சொல்லி, மாலை போட்டு அனுப்பிப்போட்டாங்கள். சுவர்க்கடிகாரம் ஒண்டும் தந்தாங்கள். சிவகாமசுந்தரியின்ர அப்பா கலியாணத்துக்கு மண்டபம் பாத்திட்டார்.

— அவரு உனக்கா பொண்ணு குடுக்குறாரு? ஜெனீவாவுக்குல்ல குடுக்குறாரு.

— குத்தாதையும், ஐசே. இண்டைக்கு ஒண்டும் வரேல்லை எண்டால், இந்தக் கோட்டோட கல்லாங் ஆத்துக்குள்ள இறங்குவன்.

— கம்பளி தண்ணிய நல்லா உறிஞ்சும், சீக்கிரம் போயிரலாம். சரி சரி, மொறைக்காத. கொஞ்சம் தள்ளு, பூவம்மா அக்கா வாட்ச்ச முடிக்கணும். மூணு மணிக்குள்ள வந்துருவாங்க.

— அதென்ன அவ்வளவு அவசரம்?

— செவ்வாக்கிழமைலா. மூணுலேருந்து நாலரை உங்க ராகுகாலம். உங்காளுங்க எல்லாரும் அப்படித்தான். ஒரு கண்ணு வாட்ச்சுல, ஒரு கண்ணு செவுத்துல தொங்குற மெட்ராஸ் காலண்டர்ல. வாட்ச்சு நல்ல நேரம் காட்டுதான்னு எங்கிட்ட கேப்பாங்க. சரியான நேரம்தான் காட்டும்மான்னு சொல்வேன்.

— திரும்பச் சொல்லும்.

— சரியான நேரம்தான்...

— அதில்லை. ஒரு கண் காலண்டரில! பென்சில் எங்க? முருகா, பென்சில் எங்க?

— காதுல சொருகியிருக்க.

— பாரும். மணித்தட்டுக்கு மேல ஒரு கறுப்புத் தகடு. ஒண்டரை மணித்தியால அகலம். கிழமைக்குக் கிழமை தானா இடம் மாறும். சின்ன முள்ளு அதுக்குக் கீழ போனால் ராகுகாலம். வெளியில வந்தால் துவங்கலாம். காலண்டரே வேண்டாம்!

— இதுக்கா மூணு மாசம்?

— வாயை மூடும். வரையிறன்.

— ...டேய், மணி மூணே முக்கால். முக்கா மணி நேரமா முடிஞ்ச படத்தக் கையில வெச்சுக்கிட்டு ஏன் உக்காந்திருக்க? கெளம்பு.

— ராகுகாலத்தில ராகுகாலக் கடிகாரத்தைக் குடுக்கச் சொல்லுறீர்? நாலரைக்கு எழும்புவன். பத்து நிமிசத்தில போகலாம்.

— சரி, அதுவரைக்கும் இதச் சொல்லு. தகடு எங்கேருந்து எண்ண ஆரம்பிக்கும்?

— சூரிய உதயத்தில இருந்து. பகலை எட்டுப் பங்காப் பிரிக்க, செவ்வாயில ஏழாவது பங்கு. ஆறு மணிக்கு உதயம் எண்டால் மூண்டுக்குத் துவங்கும்.

— ஆறு மணிக்கு எங்க உதயம்? இங்க ஆறரைக்குத்தான் சூரியன் வருது. அதுக்கு முன்னாடி சுபுஹ் தொழுதாகணும். தினம் பாக்குறேன்லா.

— காலண்டரில...

— காலண்டர் மெட்ராஸ்ல அடிச்சது. சூரியன் சிங்கப்பூர்ல வர்றது.

— அப்ப மூண்டரை தொடக்கம்... அஞ்சு வரைக்கும்.

— அப்போ மூணு மணிக்கு நீ ஓடியிருந்தா நல்ல நேரத்துலயே குடுத்திருப்ப.

— கதையாதையும். ராஜினாமாக் கடுதாசி குடுத்தது ஒரு செவ்வாய். நாலரை தாண்டட்டும் எண்டு காத்திருந்து, நாலே முக்காலுக்குக் குடுத்தன்!

— கோட்டு?

— அதுவும் அண்டைக்குத்தான். அங்கயிருந்து நேரே கடைக்கு.

— விடு, போனது போகட்டும். இப்பவே போய்க் குடுத்துரு.

— எப்பிடி ஐசே? இப்ப குடுத்து வெண்டால், ராகுகாலம் பொய். என்ர கடிகாரமும் பொய். தோத்தால் கடிகாரம் மெய், நான் துலைஞ்சன்.

— அஞ்சு மணிக்கு அப்புறம் குடேன்.

— அஞ்சுக்குக் கதவைப் பூட்டுவாங்கள்.

— நானும் ஒரு மணி நேரமா உன்னப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எழுந்திரிக்குற, உக்கார்ற, எழுந்திரிக்குற. மணி நாலே முக்கால். கால் மணி நேரம்தான் இருக்கு.

— ஜமால்... உமக்கு ராகுகாலம் இல்லைத்தானே?

— எனக்கு அஞ்சு வேளைத் தொழுகைதான். ராகு, கேது எதுவும் இல்ல.

— அப்ப நீர் கொண்டு போய்க் குடும். சைக்கிளில ஏழு நிமிசம்.

— வரைஞ்சவரே வரணும்னு நீதானடா படிச்ச? கையெழுத்து?

— உம்மட கையெழுத்தைப் போடும். உம்மட பேரை எழுதும். உம்மட நேரத்தில உள்ள போகட்டும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்.

— யோசிச்சுத்தான் சொல்றியா? எம்பேர்ல போனா எம்பேர்லதான் வரும்.

— யோசிக்க நேரமில்லை. நாலு அம்பது! எழும்பும், ஐசே!

— பேர எழுதிட்டேன். பூட்டு மேசை மேல இருக்கு, கடையச் சாத்திக்க. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கெல்லாம் வந்து தொறந்துரு, பூவம்மா அக்கா இன்னும் வரல. ஆங்... குணா, அந்தக் கோட்டக் கழட்டிக் குடு.