முதற்கட்டத் தரவு

நான் எந்த விண்ணப்பத்தையும் கடைசி நாளில் அனுப்பியதில்லை. கடைசி நாளில் இணையதளம் திணறும். கையெழுத்துப் போடவேண்டிய கல்லூரி முதல்வர் ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருப்பார். புதிதாகச் சேரும் ஆசிரியர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன். உங்கள் விசாரணையிலும் அப்படித்தான், கடைசிவரை இழுக்கமாட்டேன். நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நானே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சரளா. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் இணைப் பேராசிரியர். வீடு சேலையூரில். தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்கள்தான் என் ஆராய்ச்சி.

எங்கள் கல்லூரியில் மாதம் ஒருமுறை டீன் ராஜகோபாலன் எங்களையெல்லாம் கூட்டி உட்காரவைப்பார். திரையில் எல்லோருடைய பெயரும் வரும். ஆராய்ச்சி நிதி வாங்கியவர் பெயர் பச்சையில், வாங்காதவர் பெயர் சிவப்பில். "சரளா மேடம், நீங்க எப்பதான் பச்சையாவீங்க?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு திட்ட முன்மொழிவுகூட எழுதியவர் இல்லை. கோடையில் எங்களைப் பள்ளிக்கூட வாசல்களில் கல்லூரி நோட்டீஸ் கொடுக்க அனுப்புவதும் அவர்தான். வெயிலில் நின்று ப்ளஸ் டூ பிள்ளைகளின் கையில் நோட்டீஸைத் திணித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நான் விண்ணப்பம் எழுத உட்காருவேன்.

முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். இதற்குமுன் நிதி பெற்று ஆய்வு நடத்திய அனுபவம் எனக்கு இல்லையாம். நிதி கிடைத்தால்தானே அனுபவம் வரும். இரண்டாவது விண்ணப்பத்துக்கு, கல்லூரியில் தேவையான கருவி இல்லை என்று பதில் வந்தது. அந்தக் கருவியை வாங்கத்தான் நான் நிதி கேட்டிருந்தேன். அதே ஆண்டு, நான் விண்ணப்பத்தில் எழுதியிருந்த அதே ஏரியை ஆராய நகரத்தில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்கு நிதி போயிற்று. அவர்கள் வேனில் வந்து இறங்கி ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டதை நான் பேருந்திலிருந்து பார்த்தேன்.

கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் கோபத்தில் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கோபத்தில் செய்கிறவர்கள் அவசரப்படுவார்கள். நான் அவசரப்படவில்லை.

மறைமலை நகர் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி அந்தக் காலனி. பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கம்பெனி கேன்டீனுக்கும் போகிறவர்கள் இருக்கும் இடம். பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. முன்பு அதில் யாரோ பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கியிருக்கிறார்கள். உரிமமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நானும் என் மாணவனும் போனபோது கொட்டகை காலி. மண்ணில் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. அதற்கு ஐம்பது அடி தள்ளி, காலனி முழுவதற்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு, அதன்மேல் ஒரு கைப்பம்பு.

என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த வினோத்குமார்தான் தண்ணீர் மாதிரி எடுத்தான். கேளம்பாக்கத்துப் பையன், கவனமானவன். வெளி ஆய்வகத்தில் சோதித்து முடிவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். அனுமதிக்கப்பட்ட அளவைப்போலப் பல மடங்கு ஈயம்.

"மேடம், இப்பவே போய் சொல்லிடலாம்," என்றான். "பம்புல சிவப்பு பெயின்ட் அடிச்சாலே போதும், குடிக்க மாட்டாங்க."

"குடிக்கலன்னா நம்மகிட்ட என்ன இருக்கும் வினோத்?"

அவனுக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, வேறு யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

"முதல்ல நிதி வரட்டும். ஃபில்டர் வைக்கறதும் நம்ம திட்டத்துலயே இருக்கு," என்று அவனைச் சமாதானப்படுத்தினேன். அது பொய்யில்லை. மூன்றாவது ஆண்டில் வடிகட்டி நிறுவுவது என்று எழுதியிருந்தேன்.

மூன்றாவது விண்ணப்பத்துக்கு நேர்காணல் கிடைத்தது, காணொளி வழியாக. குழுவில் ஒருவர் கேமராவையே போடவில்லை. இன்னொருவர் நான் பேசப் பேச ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் அவர்தான் கேட்டார்: "தண்ணீரில் ஈயம் இருக்கிறது, சரி. யாருக்காவது உடம்பு கெட்டிருக்கிறதா?"

இன்னும் பரிசோதிக்கவில்லை என்றேன்.

"அப்படியானால் பிரச்சினை எங்கே இருக்கிறது? ஒரு வருடம் தொடர்ந்து பாருங்கள். ரத்தப் பரிசோதனையோடு அடுத்த சுற்றுக்கு வாருங்கள்." சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. யாருக்காவது உடம்பு கெட்டிருக்கிறதா என்று அவர் கேட்டார். கெட்டுப்போனால் தருகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஒரு வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு வருடமும் அங்கே எதுவும் மாறக்கூடாது. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்தவர்களுக்குள் இதையெல்லாம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

மருத்துவ முகாம் என்ற பெயரில் காலனிக்குப் போனேன். வீடு வீடாக என்னை அழைத்துப் போனவள் ஜான்சி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அவளுக்கு ஒரே மகள், பெனினா, ஒன்றாம் வகுப்பு. ஊசியைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடினால் ஜான்சி தன் மகளை முதலில் உட்காரவைப்பாள். "என் பொண்ணு பாரு, அழுவுதா?" பெனினா அழமாட்டாள். நான் கொடுக்கும் மிட்டாயை வாங்கி ஃபிராக் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரிப்பாள்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம். சில மாதம் கழித்து மறுபடி எடுத்தபோது ஏறியிருந்தது. வரைபடத்தில் அந்தக் கோடு அழகாக மேலே போயிற்று.

ஜான்சி ஒருநாள் என்னை நிறுத்திக் கேட்டாள். "மேடம், பாப்பா வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்குது. இஸ்கோல்ல டீச்சரு, போன மாசம் படிச்சதக்கூட மறந்துடுதுன்னு சொல்லுது. ரத்தம் எடுத்தீங்களே, இன்னா வந்துச்சு?"

"ரத்தசோகைதான் ஜான்சி. முருங்கைக்கீரை குடு. டானிக் எழுதித் தரச் சொல்றேன்."

"தண்ணில ஒண்ணும் இல்லியே?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அதன்பிறகு நான் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பாள். காசு கொடுத்தால் வாங்க மாட்டாள்.

வினோத்குமார் அந்தச் சமயத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒருமுறை, யாருக்காவது தொலைபேசியில் பெயர் சொல்லாமல் சொல்லிவிடலாமா என்று கேட்டான். அவனுடைய ஆய்வேட்டில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதை நினைவுபடுத்தினேன். மிரட்டவில்லை. நினைவுபடுத்தினேன்.

பிறகு வந்ததுதான் ஆபத்தான கட்டம். பிள்ளைகளின் வயிற்று வலி பெரிதாகி, காலனிக்காரர்கள் ஊராட்சித் தலைவர் தனசேகரை வரவழைத்துவிட்டார்கள். கைப்பம்பை மூடிவிட்டு லாரித் தண்ணீர் விடவேண்டும் என்றார்கள். ஜான்சி எனக்கு ஃபோன் செய்து, "நீங்களும் வாங்க மேடம், படிச்சவங்க சொன்னா கேப்பாரு," என்றாள். நான் வகுப்பை மாற்றிக்கொண்டு போனேன்.

பம்புக்குப் பக்கத்திலேயே கூட்டம். ஞானம்மாள் என்ற வயதான பெண்மணிதான் பேசிக்கொண்டிருந்தார். "இந்தத் தண்ணில இன்னாமோ கீது சார். சோறு துன்னா போதும், புள்ளைங்க வயித்தப் புடிச்சிகினு உக்காந்துடுதுங்க."

தனசேகர் நியாயமாகத்தான் பேசினார். "பக்கத்துத் தெருவுக்குப் போற லாரிய இங்க திருப்பி வுடறேன். ஆனா தண்ணி கெட்டதா நல்லதான்னு தெரியணும்ல? இதோ மேடம் வந்துட்டாங்க. அவங்கதான டெஸ்ட் பண்றாங்க. அவங்களே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜான்சியிடம் ஒரு டம்ளர் கேட்டேன். அவள் ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கொண்டுவந்தாள். பம்பில் அடித்துப் பிடித்துக் கொடுத்தாள். எல்லோருக்கும் முன்னால் நின்று முழுவதையும் குடித்தேன்.

"நல்ல தண்ணிதான்," என்றேன். "வயித்துல பூச்சி இருக்கும். மாத்திரை குடுங்க."

"மேடமே குடிச்சிட்டாங்க," என்றாள் ஜான்சி, ஞானம்மாளிடம் திரும்பி. "இன்னும் இன்னாக்கா ஒனக்கு சந்தேகம்?"

லாரி பக்கத்துத் தெருவுக்கே போயிற்று.

ஒரு டம்ளர் எனக்கு ஒன்றும் செய்யாது என்று தெரியும். வளர்ந்தவர்களின் உடல் ஈயத்தைப் பெரும்பாலும் வெளியேற்றிவிடும். குழந்தைகளின் உடல் வைத்துக்கொள்ளும். இதை நான் முதுகலை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்துகிறேன்.

அடுத்த சுற்றில் அதே குழு, அதே மனிதர். இந்தமுறை அவர் எதுவும் சாப்பிடவில்லை. என் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். "மிக வலுவான முதற்கட்டத் தரவு," என்றார். நிதி வந்தது. கல்லூரி வாசலில் என் படத்தோடு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ராஜகோபாலன் பொன்னாடை போர்த்தினார். திரையில் என் பெயர் பச்சையாயிற்று. அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள், வேறுமாதிரி.

அந்த வாரத்தில்தான் பெனினாவுக்கு வலிப்பு வந்தது. பள்ளியில், பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது. நிற்காமல் திரும்பத் திரும்ப வந்ததால் அரசு மருத்துவமனையில் தீவிர சிகிச்சையில் வைத்தார்கள். காரணம் தெரியாமல் மருத்துவர்கள் தடுமாறியபோது வினோத்குமார் நேராகப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். தன் ஆய்வேடு போகும் என்று தெரிந்துதான் சொன்னான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனால் மருந்து சரியாகக் கிடைத்தது, குழந்தை பிழைத்தது. பிழைத்தாள் என்றால், கண் திறந்து பார்க்கிறாள். ஊட்டினால் விழுங்குகிறாள். பேச்சு போய்விட்டது.

அவன் சொல்லிவிட்டது தெரியாமல் நான் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வார்டுக்குப் போனேன். ஜான்சி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"நீ குடிச்சியே," என்றாள். அதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதே இல்லை. "அந்தக் கெயவி வேணாம் வேணாம்னு சொல்லிச்சு. நீ குடிச்சதப் பாத்துட்டுதான நான் என் புள்ளைக்கு அன்னிக்கு ராவு கஞ்சி வெச்சிக் குடுத்தேன். கொஞ்சமா குடிச்சா, குடி குடின்னு வாயில ஊத்துனேன். எங்கையால ஊத்த வெச்சிட்டியே."

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டிலை வைக்க இடம் தேடினேன். அவள் அதை வாங்கி என் கைப்பைக்குள்ளேயே திரும்பப் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாள் கல்லூரியில் ஃபிளெக்ஸ் இல்லை. நிதியைத் திருப்பி அனுப்பும் நடைமுறை என்ன என்று ராஜகோபாலன் அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஆரஞ்சுக்காரர் இன்று இன்னொருவரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவர்களை நீங்கள் இந்த நாற்காலியில் உட்காரவைக்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இப்போதும் இருக்கிறது என்றேன்.

மற்றபடி, நீங்கள் கேட்பது எல்லாம் உண்மை. தண்ணீரில் ஈயம் இருப்பது எனக்கு முதல் நாளே தெரியும். பிள்ளைகளின் ரத்தத்தில் அது ஏறுவதும் தெரியும். மூட இருந்த பம்பை மூடவிடாமல் செய்தது நான். எண்கள் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்தேன். ஏறின.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வெளியே பத்திரிகைக்காரர்கள் நிற்கிறார்கள். பெனினாவின் பெயரோ படமோ அவர்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் அறிக்கை எதிலும் எந்தக் குழந்தையின் பெயரையும் நான் எழுதியதில்லை, வெறும் எண்தான். நாளைக்கு அந்தப் பெண் வளர்ந்து நிற்கும்போது என் ஆய்வினால் அவளுக்கு ஒரு சின்னக் கெடுதல்கூட வந்துவிடக்கூடாது.