இன்னும் வராதவர்களின் அல்பம்

"இவன் பெரிய ரீமுக்கு விளையாட வந்திட்டான். இனி இவன்ர கார்ட் எனக்கு வேண்டாம். நீ வைச்சிரு."

சப்வே ரயில் பள்ளத்தாக்குப் பாலத்தில் ஏறியபோது, என் முன் இருக்கையிலிருந்த பெண், ஆட்டக்காரர் ஒருவரின் படம் போட்ட பேஸ்போல் கார்டைத் தோழியிடம் நீட்டினார். வெளியே பனி மெதுவாக விழுந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, வந்தாப்பிறகுதானே கார்டுக்கு மதிப்பு?"

"எனக்கு வரப்போற ஆக்கள்தான் வேணும். சின்ன ரீமுகளில பந்து எறிஞ்சுகொண்டு, எப்ப கூப்பிடுவினம் எண்டு பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளையள்."

தோழி அவருடைய கார்ட் அல்பத்தை வாங்கிப் புரட்டினாள். பந்தெறியும் இளைஞர்களுக்கு நடுவே, மீசை வைத்த ஒருவரின் பாஸ்போர்ட் படம் இருந்தது.

"இது அண்ணையெல்லோ!"

"ஓம், என்ர அவர்தான். இங்க வர, கொழும்பில விசாவுக்கு நிக்கிறார்," என்றார் அந்தப் பெண், பனியைப் பார்த்தபடி. "வந்தவுடன அவரையும் இதுக்குள்ளயிருந்து எடுத்திடுவன்."