யார் வீட்டு டயப்பர்?

ஹலோ... ஹலோ... ஏங்க, கேக்குதா?... ஆமா, கடையிலேருந்துதான். கண் டெஸ்ட் பண்ற ரூம்ல நின்னு பேசறேன்... இல்ல, டாக்டர் இன்னும் வரல. வெளிய ஒரே ஒரு பெரியவர், ஃபிரேம் பாத்துக்கிட்டிருக்கார்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன். அதை விடுங்க.

ஹவுஸ் ஓனர் போன் பண்ணினார்... ஆமா, இன்னிக்கேதான். ஏழு மணிக்கு நேர்ல வர்றாராம். தேதி ஆறு ஆச்சேம்மா, இன்னும் வாடகை வரலியேம்மான்னு... நல்லவிதமாத்தான் கேட்டார். நல்லவிதமாக் கேட்டாத்தான் எனக்குக் கூசுது... சம்பளம் போட்டாச்சா?... சாயங்காலமா? நேத்தும் சாயங்காலம்னுதான சொன்னீங்க?... சரி... சரி சரி. எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துடுங்க.

இருங்க, வச்சிடாதீங்க. இன்னொரு விஷயம். நம்ம மளிகை வாங்கற சூப்பர் மார்க்கெட்டிலேருந்து மெசேஜ் வந்திருக்கு. பாயிண்ட்டு நாலாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருக்காம்... அட, சந்தோஷப்படாதீங்க! நாம வாங்கற சோப்புக்கும் சீனிக்கும் ஒரு வருஷம் ஆனாலும் நானூறு தேறாது. என்னடா இதுன்னு என் போனுக்கு வந்த பில்லை ஒவ்வொன்னாத் திறந்து பாத்தேன். எப்பவும் யார் பாக்கறா? இன்னிக்குக் கடையில ஆள் இல்ல, பாத்தேன்.

ஏங்க, டயப்பர் வாங்கினீங்களா?... டயப்பர். குழந்தைக்குப் போடறது. மூணு பாக்கெட், பெரிய சைசு... என்னது, பிரஸ்ல யாருக்கோவா? சரி. பூனைத் தீனி? மூணு கிலோ. அதுவும் பிரஸ்லயா? உங்க பிரஸ்ல புத்தகம் அடிக்கிறாங்களா, பூனை வளக்கறாங்களா?... தலைக்குப் போடற சாயம், கருஞ்சிவப்பு. சக்கரை இல்லாத பிஸ்கட் ஆறு. மறுபடியும் டயப்பர். நம்ம வீட்டுல கடைசியா டயப்பர் போட்டவ இப்ப ஒன்பதாவது படிக்கிறா, ஞாபகம் இருக்கா?

எல்லாம் உங்க கிரெடிட் கார்டுல போட்டிருக்கு. கார்டு எங்க இருக்கு? யாராவது திருடிட்டாங்களா?... பையிலயா? உங்க பையிலதான் இருக்கா?... எடுத்துப் பாருங்க... ம்.

அப்ப அந்தக் குழந்தை யாருது?

... கத்தல. நான் கத்தவே இல்ல. கேக்கறேன். பதினாறு வருஷம் கூட இருந்தவ கேக்கறேன், அந்தக் குழந்தை... சத்தியம்லாம் பண்ணாதீங்க. சத்தியம் பண்ணினா எனக்கு இன்னும் பயமா இருக்கு.

வாங்கய்யா, உக்காருங்க. அந்த நாற்காலியில. தாடையை இங்க வைக்க வேணாம், சும்மா எதிர்ல இருக்கற போர்டைப் பாருங்க. மேல் வரியிலேருந்து மெதுவாப் படிச்சுக்கிட்டே இருங்க, இதோ வந்துட்டேன்.

... சொல்லுங்க. மெதுவாத்தான் பேசறேன். ஒருத்தர் உக்காந்திருக்கார்... ஏங்க, அது என்ன சத்தம்?... பின்னாடி. டிங் டிங்னு... பிரஸ்லதான இருக்கீங்க? மிஷின் ஓடற சத்தத்தையே காணோம். முன்னெல்லாம் போன் பண்ணினா ஒன்னும் கேக்கல, கத்திப் பேசுன்னுவீங்க. இன்னிக்கு நான் மூச்சு விடறதுகூடக் கேக்குது உங்களுக்கு... எங்க இருக்கீங்க?

எங்க இருக்கீங்கன்னு கேட்டேன்.

... சூப்பர் மார்க்கெட்லயா? பில் போடற இடத்துலயா? இந்த நேரத்துக்கு அங்க என்ன வேலை?... என்ன?... புரியல, மறுபடி சொல்லுங்க... யாரோ வாங்கற சாமானுக்கு நீங்க கார்டைத் தேய்ப்பீங்க. அவங்க உங்க கையில ரொக்கமாக் குடுப்பாங்க. ம்... முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட, வரிசையில நிக்கறவங்ககிட்ட, போய்க் கேப்பீங்களா? என்னன்னு கேப்பீங்க?... அய்யோ. போதும். சொல்லாதீங்க.

ஏன்? சம்பளம்தான் வருதே?

... என்னது, வேலை போயிடுச்சா?

எப்பலேருந்து?... நாலு மாசமா. நாலு மாசமா பிரஸ்ஸே இல்லையா? முதலாளி மிஷினையே வித்துட்டாரா?... இருங்க. நான் தினமும் காலையில அஞ்சரைக்கு எழுந்து டிபன் கட்டிக் குடுத்தனே, அது எங்க போச்சு?... பார்க்குல உக்காந்தா? மழை பெஞ்ச அன்னிக்கு?... ம்.

படிச்சாச்சாய்யா? கடைசி வரி தெரியலையா? பரவால்ல, அது நிறைய பேருக்குத் தெரியாது. இப்ப ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க. அழுத்தாதீங்க, சும்மா மூடினாப் போதும்.

... அப்ப ஒன்னாம் தேதி ஒன்னாம் தேதி கவர்ல போட்டு என் கையில குடுத்தீங்களே. அது? அது யார் சம்பளம்?... அதுல நான் வாடகைக்கு எடுத்து வச்சேன். பீஸுக்கு எடுத்து வச்சேன். ஒரு பங்கை எண்ணி, இந்தாங்க, முதல்ல கார்டுக்குக் கட்டிடுங்கன்னு உங்ககிட்டயே திருப்பிக் குடுத்தேன். கார்டைத் தேய்ச்ச காசை வாங்கி, கார்டுக்கே கட்டச் சொல்லியிருக்கேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், இது கடன் காசுல!

அதுல ஒரு மாசம் போனஸ் வேற குடுத்தீங்க!... ரெண்டாயிரம். முதலாளி சந்தோஷப்பட்டுக் குடுத்தார்னு சொன்னீங்களே... நான் வருத்தமா இருந்தேனா? அதுக்காகவா?... அடக் கடவுளே. அதுல உங்களுக்குச் சட்டை எடுத்தேனே நான். வேலைக்குப் போறப்ப போட்டுக்கங்கன்னு.

ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறேன். என் மூக்குக்குக் கீழ நடந்தது எனக்குத் தெரியல. முழுப் பூசணிக்காயை நாலு மாசம் சோத்துல மறைச்சிருக்கீங்க, நானும் சாப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கேன்.

ஆனா ஒன்னு கேக்கறேன். இவ்வளவு மறைச்சவரு, பில் போடறப்ப என் போன் நம்பரை எதுக்குச் சொன்னீங்க?... பாயிண்ட்டு வீணாப் போகுதேன்னா?... சிரிப்பு வருதுங்க எனக்கு. அழுகைக்குப் பதிலா வருது. ஆமா, நான்தான் பழக்கினேன். நம்பரைச் சொல்ல மறந்துட்டு வந்தா வாசல்லயே நிக்க வச்சுத் திட்டினவ நான்தானே. திருடப் போன இடத்துல செருப்பை ஒழுங்கா விட்டுட்டு வந்திருக்கீங்க.

... இல்ல, கோவம் இல்ல. கோவப்படக்கூட உடம்புல தெம்பு வேணும். என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் என்ன பண்ணியிருப்பேன், கடிச்சா தின்னிருப்பேன்?... மொத்தம் எவ்வளவு?... சரியாச் சொல்லுங்க, சில்லறையோட... ஒரு லட்சத்து எழுபதாயிரத்து... வட்டி சேர்த்தா, சேர்க்காமயா?... ம். சேர்க்காம.

பயமா இருக்குங்க.

சரி, கேளுங்க. இப்பவே அங்கேருந்து வெளிய வாங்க. அந்தக் கார்டை ரெண்டா உடைச்சுக் குப்பையில போடுங்க. இனிமே யார்கிட்டயும் போய் நிக்காதீங்க, எனக்கு நெஞ்சு தாங்கல... ஆமா, இப்பவே... என்ன?

... வாடகையா.

...

அய்யா, முடிஞ்சுது. வெளிய உக்காருங்க, டாக்டர் வந்ததும் கூப்பிடறேன். இல்லய்யா, கண்ணு நல்லாத்தான் இருக்கு. வயசுக்கு வர்றதுதான்.

... இருக்கேன். யோசிக்கறேன். என் சம்பளம் இருபதாம் தேதிதான். முதலாளியம்மாகிட்ட போன மாசமே கை நீட்டியாச்சு... கையில எவ்வளவு சேர்ந்திருக்கு?... காலையிலேருந்தா? அவ்வளவு நேரமா நின்னுக்கிட்டேவா இருக்கீங்க? உக்கார இடம் இல்லையா?... இன்னும் எவ்வளவு குறையுது?... மூவாயிரம்.

யாரு கூப்பிடறா உங்களை?... யாரு அந்தம்மா?... வண்டி நிறைய வச்சிருக்காங்களா. அவங்க பில் எவ்வளவு வரும்?... மூவாயிரத்து இருநூறா.

கார்டுல இன்னும் இடம் இருக்கா?... நாலாயிரம்தானா. அதுக்கப்புறம்?... எனக்கும் தெரியல.

...

போடுங்க.

... ஆமா. போடுங்கன்னுதான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்ல வைக்காதீங்க.

ஏங்க... சீக்கிரமா வீட்டுக்கு வந்துடாதீங்க. பொண்ணு நாலு மணிக்கே வந்துடுவா. அப்பா ஏன் இப்பவே வந்துட்டார்னு கேப்பா. எப்பவும் வர்ற ஆறரைக்கே வாங்க... அவகிட்டயா? வேணாம். பரீட்சை முடியட்டும்... நானே பாத்துக்கறேன், என் முகத்துல ஒன்னும் தெரியாது.

... சரி, வைங்க. அந்தம்மா காத்துக்கிட்டிருப்பாங்க.