பெல்கிரேட் தாண்டினதும் கூப்பிடு

– ஃபிலாக் சந்திப்பு தாண்டியாச்சு மிலோ. இத்தாலி ரோடு வலப்பக்கம் பிரிஞ்சு போயிடுச்சு. ஆஸ்திரியா எல்லைச் சுரங்கத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அம்மாவைக் கூப்பிடு.

– என்னன்னு சொல்றது வெஸ்னா?

– வருஷா வருஷம் ஊருக்குப் போறப்ப உன் தம்பி நெனாத் சொல்றதைச் சொல்லு. ஃபிலாக் வந்தா பீன்ஸை ஊறப் போடு, சாக்ரெப் வந்தா ஆட்டை அறு, பெல்கிரேட் தாண்டினா அடுப்பை மூட்டு.

– அவன் எங்கே உண்மையைச் சொன்னான்? லுப்லியானாவுல டீசல் அடிச்சுக்கிட்டே சாக்ரெப் வந்துட்டேன்னு புளுகுவான், சாக்ரெப்லயே பெல்கிரேட் தாண்டிட்டேம்பான். போன வருஷம் நாம போய்ச் சேர்றதுக்குள்ள ஆடு கரியாயிடுச்சு.

– சிரிக்காதே, எனக்கு அழுகை வருது. பேசாம இப்பவே சொல்லிடேன்.

– போன்லயா? மியூனிக்ல கட்டடச் சாரத்துல இருந்து விழுந்துட்டான், பின்னாடி வண்டியில சவப்பெட்டிக்குள்ள வர்றான்னா? இதயம் சரியில்லாத மனுஷி, தனியா வேற இருக்கு. வீட்டுக்குப் போய்க் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிக்கிறேன்.

– பெட்டியை வாசல்ல வச்சுக்கிட்டா?

– சும்மா இரு, மணி அடிக்குது. அம்மா! மிலோ பேசறேன். ஃபிலாக் வந்தாச்சு.

– நீயாடா? நெனாத் எங்கே?

– பின்னாடி வண்டியில வர்றான்மா. தூங்கறான்.

– சரி. பார்த்து வாங்க.

*

– சாக்ரெப் சுங்கச்சாவடி வருது. ஸ்பீக்கர்ல போடறேன், பேசு.

– அம்மா, சாக்ரெப்.

– சாப்பிட்டீங்களா?

– வெஸ்னா கோழி வறுத்து எடுத்துட்டு வந்திருக்கா.

– நிழல் பார்த்து நிறுத்திச் சாப்பிடுங்க. அந்தப் பின்னாடி வண்டியையும் வெயில்ல போடாதீங்கடா. வச்சுடறேன்.

– மிலோ, அத்தை ஆட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே.

– நான் சொன்னது காதுல விழுந்திருக்காது.

– அத்தைக்கா? நான் அடுப்படியில முணுமுணுத்தா கொல்லையில இருந்து பதில் சொல்றவங்க.

*

– செர்பியா எல்லையில உள்ள விட எவ்வளவு நேரம் ஆக்கிட்டாங்க! நெனாத் இருந்திருந்தா சிகரெட்டை நீட்டி எப்பவோ முத்திரை வாங்கியிருப்பான்.

– பெட்டி வண்டி கூடவே வருதா?

– கண்ணாடியில தெரியுது. வெஸ்னா, பெல்கிரேட் தாண்டிட்டோம். இந்தத் தடவை நீ பேசேன்.

– மாட்டேன். உன் அம்மா. இந்தா, எடுத்துட்டாங்க.

– அம்மா... பெல்கிரேட்.

– தாண்டிட்டியா, தாண்டப் போறியா?

– தாண்டியாச்சு. நிஷ் போற ரோட்டுல ஏறிட்டோம்.

– உன் தம்பி மாதிரி புளுகாதே. இன்னைக்கு உண்மையைச் சொல்லு.

– சத்தியமா தாண்டிட்டோம்மா. ஏன், அடுப்பு...

– அடுப்பும் இல்லை, ஆடும் இல்லை. ஃபிலாக்ல இருந்து என்னைக்குடா நீ கூப்பிட்டிருக்கே? எல்லாரும் ஒரே வண்டியில நெருக்கியடிச்சு வர்ற ஆளுங்க, உங்களுக்கு ஏது பின்னாடி வண்டி?

– அம்மா...

– ரோட்டைப் பார்த்து ஓட்டு. வெட்டின குழி ராத்திரி வெறுமனே திறந்து கிடக்கக் கூடாதும்பாங்க, அதுக்குத்தான் எங்கே வர்றேன்னு கேட்டேன். உங்கப்பா கல்லறைக்குப் பக்கத்துல ஆளுங்க மண்வெட்டியோட நிக்கிறாங்க, இப்ப வெட்டச் சொல்லிடறேன்.