ஊருக்குத் தெரியக்கூடாத விருது

"அக்கா, எனக்கு அந்த விருது வேணாம்னு சொல்லிடப் போறேன்."

ஓசூரிலிருந்து பேரிகை போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் கம்பெனி சீருடையோடு இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள்.

"ஏண்டி? சாயந்திரம் புள்ளைங்களுக்குச் சும்மாவே பாடம் சொல்லித் தர்றே. அதுக்குத்தானே கலெக்டர் ஆபீசுல தர்றாங்க?"

"ஒரு கல்யாணத்தை நிறுத்துனதையும் சேத்து மேடையில வாசிப்பாங்களாம்."

"யாரு கல்யாணம்?"

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரரோட அக்கா பொண்ணுக்கு. பதினஞ்சு வயசுதான் ஆவுது. கலெக்டர் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொன்னது நான்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னவங்க யாருன்னு இன்னும் தேடுறாங்க. கெடச்சா வெட்டுவேன்னு அவரே சொன்னாரு."

"அப்ப அதை வாசிக்க வேணாம்னு கேளு."

"கேட்டேங்கா. ஊருக்கே தெரியட்டும், உனக்குத்தானே பெருமைங்கிறாங்க."

"அந்தப் பொண்ணு இப்ப?"

"ஸ்கூலுக்குப் போவுது." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தாழவில்லை.

பேரிகையில் இளையவள் இறங்கினாள். பைக்கில் காத்திருந்த கணவன் சிரித்துக்கொண்டே ஒரு பையை உயர்த்திக் காட்டினான்.

"விழாவுக்குப் பொடவை! எங்கக்காதான் பாத்து எடுத்துச்சு. அன்னைக்கு அதுவும் வருது!"

அவள் பையை வாங்கிக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.