போஞ்சிப் பாத்தியும் துரை பங்களாவும்

கலஹாவிலிருந்து கண்டிக்கு வரும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு தோட்டத்துப் பெண்கள். மூத்தவர் மடியில் 'காலநிலை நீதி' என்று அச்சடித்த புதுத் துணிப்பை.

"நம்ம போஞ்சிக்காய்ப் பாத்திதான் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பாவமாம், தங்கச்சி," என்றார் அவர். அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"யாரு அக்கா சொன்னா?"

"நேத்து கூட்டத்துல, கொழும்புல இருந்து வந்த மிஸ். வெள்ளைக்காரன் காட்ட அழிச்சுத் தேயில போட்டானாம். அதத் திருத்துறதுக்கு நம்ம லயத்து வீடுகளுக்குப் பின்னால, பாத்தி இருக்குற எடம் பூரா மரம் நடப் போறாங்களாம். பொக விடுற நாடுகளுக்கு அதுல புண்ணியமாம்."

"அவனுங்க பொகைக்கு நம்ம பாத்தியா? நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"நானும் அதத்தான் கேட்டேன். பூர்வீகக் குடின்னா சம்மதம் கேக்கணுமாம். நாம வந்தவங்களாம், கேக்கத் தேவையில்லையாம். அஞ்சு தலமொறய இந்த மண்ணுலதானே பொதைச்சிருக்கோம்னேன். 'உங்க உணர்வு புரியுது'ன்னு எழுதிக்கிட்டாங்க."

"அப்ப தேயிலய புடுங்குறாங்களா?"

"அது கம்பெனிக்கு வேணுமே."

"துரை பங்களா? அதுவும் வெள்ளைக்காரன் கட்டுனதுதானே. இடிப்பாங்களா?"

"இடிக்கவா? இப்ப அது ஹோட்டல். கூட்டமே அங்கதான் வச்சாங்க." அவர் துணிப்பையை நாலாக மடித்துக் காலடியில் போட்டார். "நம்மள மட்டும் பின்வாசலால வரச் சொன்னாங்க."